ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்

ஏழு என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆறு என்று சொன்னது கமலினி, தொண்டை கட்டின மாதிரி இருக்கும் அவள் குரல், அது எனக்குத் தெரியும். எட்டு என்றது நூரக்கா, அவர் எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்போடு சொல்வார், அதுவும் தெரியும். நடுவில் வந்த ஏழுதான் யாருடையது என்று தெரியவில்லை. எங்கள் பைக் வரிசையில் ஏழு நான். நான் அப்போது டீக்கடைக்குப் பின்னால், உரச்சாக்கைக் கிழித்துக் கட்டின மறைப்புக்குள், ஒரு ஆமணக்குச் செடியின் அடியில் குனிந்து நின்று பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். விடியுமுன்னே கிளம்பும்போது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பிக் கொடுக்க மனசில்லை, அது கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வண்டியையும் கடைக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தியிருந்தேன். இதோ வர்றேன்கா என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் முடிந்தது. கத்தவில்லை. என்னடி பண்ற அங்க என்று கேட்பார்களே என்ற கூச்சம் ஒன்று. இன்னொன்று, அதுதான் ஏழு சொல்லியாகிவிட்டதே, சொன்ன பிறகு நான் எதற்கு இன்னொரு தரம் என்று, சத்தியமாக, ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின, ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. நான் பட்டனைப் போட்டு வெள்ளை மழைக்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தபோது கடை வாசலில் பனிதான் நின்றது. தம்ளர் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர், "ஏம்மா, நீ போகலையா?" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

இப்போது மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறேன், நாலாவது போட பயம். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி தளிக்குப் போகிற ரோடு, தளி ஏரிக்கரையில் இன்றைக்கு பைக் ஓட்டுகிறவர்கள் கூட்டம். விடிந்து அரை மணி ஆகியிருக்கும், ஆனால் சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது, பத்தடிக்கு மேல் ரோடு கிடையாது, நான் போகப் போகத்தான் அது உண்டாகிறது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் என் மூச்சே படிந்து மறைக்கிறது, ஏற்றினால் பனி கண்ணுக்குள் வருகிறது. போனில் டவர் இல்லை. ஏழு யார் சொன்னது. ஹெப்சிபாக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். "இத பாரு லட்சுமி, நம்ம குரூப்புல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். எங்க நின்னாலும் கெளம்புறதுக்கு முன்னாடி வரிசையா நம்பர் சொல்லணும். உன் நம்பர உன் வாயாலதான் சொல்லணும். ஒருத்தி நம்பர இன்னொருத்தி சொன்னா அன்னிக்கே சாவியப் புடுங்கி வச்சுக்குவேன்." அக்கா ஓசூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், முன்னால் போகிற தலை அவர்தான், ஒன்று. கடைசியில் வருகிற நூரக்கா வால், எட்டு. புதுசாக வருகிறவளை வாலுக்கு முன்னால் போடுவார்கள், விழுந்தால் வால் பார்த்துக்கொள்ளும். அந்தச் சட்டம் வந்த கதையையும் சொன்னார்கள். போன வருஷம் ஒருத்தி விளையாட்டாகத் தன் தோழியின் நம்பரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாளாம், அந்தத் தோழி ஒரு வளைவில் சறுக்கி ஒரு மணி நேரம் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தாளாம், இவர்கள் எல்லாரும் அவளும் கூடவே வருகிறாள் என்று பாட்டுப் பாடிக்கொண்டு போனார்களாம். இப்போது நான் விழுந்தால் என்னையும் யாரும் தேட மாட்டார்கள். தேட என்ன இருக்கிறது, ஏழு அங்கே போய்க்கொண்டிருக்கிறதே. கையை நடுங்கவிடாதே, கையில் நடுங்கினால் வண்டியில் நடுங்கும் என்று பாப்பா அப்பா சொல்லிக்கொடுத்தார், ஓசூர் ஏரி மைதானத்தில், நாலு ஞாயிற்றுக்கிழமை, பின்னால் உட்கார்ந்துகொண்டு. அவருடைய வண்டிதான் இது. அவரைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, வண்டி சும்மா நிற்கிறது, நீ ஓட்டு என்றார். போன மாசம் முதல் தரம் இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், ஓசூரில் ஒரு மண்டபத்து வாசலில், நூறு வண்டி, தோல் கோட்டு, போன ஊர்ப் பேரெல்லாம் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். ஒரு ஆள் என் வண்டியைச் சுற்றி வந்து, "இது எங்க தெரு பால்காரரு வண்டியாச்சே, அவரு எங்கம்மா?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். நான் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், ஒரு மணி நேரம், வண்டியின் நிழல் மாதிரி. நூரக்காதான், "அவரு பால் ஊத்தப் போயிருக்காரு, உனக்கு வேணுமா?" என்று அந்த ஆளைக் கேட்டார். எனக்காக மற்றவர்கள்தான் பேசுவார்கள். எப்போதும் அப்படித்தான்.

அப்படித்தான் பள்ளிக்கூடத்திலும். மஞ்சுளா டீச்சர் பேர் கூப்பிடுவார், ஒவ்வொருத்தராக உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று போகும், முனிலட்சுமி என்று வரும்போது என் தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். சொல்வேன், என் உதட்டுக்கு அப்பால் போகாது. டீச்சர் தலையை நிமிர்த்தாமலே, "முனிலட்சுமி இல்லையா?" என்பார், இதோ முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன், என் பாவாடை நுனி அவர் நாற்காலிக் காலில் படுகிறது. அப்போது பக்கத்தில் இருந்த கெம்பா எனக்காகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் அவள் குரலில் சொன்னாள், பிறகு டீச்சர் கண்டுபிடிப்பார் என்று மெல்லமாக, கொஞ்சம் மூக்கால், என் குரல் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்தாளோ அப்படி. அது என் குரலை விட நன்றாக இருந்தது. எட்டாவது பாதியில் என்னை நிறுத்திவிட்டார்கள், அம்மாவோடு ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டப் போனேன். மூன்று மாசம் கழித்துக் கெம்பாவைச் சந்தையில் பார்த்தபோது சொன்னாள், "நான் இன்னும் உனக்குச் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். சொல்லலன்னா உன் எடம் போயிடும்ல." அதாவது நான் மூன்று மாசம் பூ வெட்டிக்கொண்டிருந்தேன், அதே மூன்று மாசம் பள்ளிக்கூடமும் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூட லீவு இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். ராத்திரி படுத்த பிறகு, அங்கே போய் உட்கார்ந்திருக்கிறவள் என்ன பாடம் படித்திருப்பாள் என்று நினைத்தேன், அவளுக்கு என்னை விடக் கணக்கு வருமோ என்று. அப்புறம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் பின்னால் நின்றபோது கேட்டதும் அந்த மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் மூக்கால். இல்லை, சாக்குக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால் எந்தக் குரலும் மூக்கால் பேசின மாதிரிதான் கேட்கும்.

எதிரில் ஒரு மஞ்சள் வெளிச்சம், ஆடி ஆடி வந்தது. நிறுத்தினேன். பால் கேன் கட்டின மொபெட். நிஜப் பால்காரர், தலையில் துண்டைச் சுற்றின வயசான ஆள். என்னைப் பார்த்ததும் பிரேக்கை அழுத்தினார், ஒரு காலை ஊன்றினார், கேன் இரண்டும் ஒன்றோடு ஒன்று இடித்தன. "அண்ணா, வண்டிங்க போச்சுங்களா இப்படி?" என்று கேட்டேன், அவருக்குக் கேட்கவில்லை, மறுபடியும் கேட்டேன். "போச்சும்மா. எட்டு வண்டி. பொம்பளைப் புள்ளைங்களா வருதேன்னு ஓரமா ஒதுங்கி எண்ணிக்கிட்டு நின்னேன்." "எட்டுங்களா, ஏழுங்களா?" "எட்டு. எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றவர் என் மழைக்கோட்டையும் வண்டியையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீதானே கடைசிக்கு முன்னாடி போன? கைய ஆட்டிட்டுப் போனியே. நீ எப்படி மறுபடி இந்தப் பக்கத்துல இருந்து வர்ற?" நான் யாருக்கும் கை ஆட்ட மாட்டேன். தெரிந்தவர்களுக்கே ஆட்ட மாட்டேன். இல்லீங்க அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், பழைய கதவு சாத்திக்கொண்டது, தலையை மட்டும் ஆட்டினேன், அது ஆமாம் என்கிற மாதிரியும் இருந்திருக்கும். அவர் துண்டை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, "என்னமோ போ, பனி நேரத்துல" என்று கேனை இடிக்கவிட்டுக்கொண்டே வேகமாகப் போய்விட்டார். வெள்ளை மழைக்கோட்டு எல்லா பஸ் ஸ்டாண்டு கடையிலும் தொங்குகிறது. பனியில் வழி தெரியாத யாராவது ஒரு பொம்பளை, முன்னால் போகிற சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் சேர்ந்திருப்பாள், நடக்கிறதுதான், நூரக்கா கூட ஒரு தரம் ஒரு லாரிக்காரன் பின்னாலேயே வந்தான் என்று சொல்லியிருக்கிறார். நம்பர் கேட்டார்கள், எதுவோ ஒரு நம்பர் சொல்லியிருப்பாள். ஆனால் எதுவோ ஒரு நம்பர் எப்படிச் சரியாக ஏழாக இருக்கும். ஆறு என்று காதில் விழுந்தால் அடுத்தது ஏழு என்று யாருக்கும் தெரியாதா. தெரியும். அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாலை வழியில் சிந்தாதே என்று அத்தை சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலம் பாப்பாவுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார், "கட்டிக்கிச்சின்னா பொறுத்துக்கிட்டு வந்து சேரு, காட்டு வழியில சிந்தாத. வாசனை புடிச்சு ஏதாச்சும் பின்னால வரும்." நாய் பூனையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பின்னால் வரும் என்றுதானே சொன்னார். முன்னால் போகும் என்று சொல்லவில்லையே. மாமியார் நல்ல மனுஷிதான், போயிட்டு வாடி, ஒரு நாள் உன் மூஞ்சி வெயில்ல படட்டும் என்று அனுப்புகிறவர்தான். போன தரம் நான் கூட்டத்துக்குப் போய்விட்டுப் பயந்து பயந்து வீட்டுக்குள் வந்தபோது பாப்பா அத்தை மடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை என் பழைய நைட்டியைப் புடவை மேல் போட்டிருந்தார், அந்தப் பூப்போட்ட நீல நைட்டி. "அழுதா பாரு ஒரு அழுகை. இத மாட்டிக்கிட்டேன், மோந்து பாத்துச்சு, நீதான்னு நெனச்சு அப்படியே தூங்கிருச்சு. புள்ளைங்க அவ்வளவுதான், வாசனைதான் அதுக்கு அம்மா." சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நைட்டி போதும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குரல் போதும். வரிசைக்கு ஒரு மழைக்கோட்டு போதும். இந்த எட்டு வண்டியும் மத்தியானம் ஓசூருக்குத் திரும்பும், ஒவ்வொருத்தியும் அவரவர் தெருவில் திரும்புவாள், ஏழாவது வண்டி எங்கள் தெருவில் திரும்பும், வேப்ப மரம், தண்ணீர் டேங்க், மூன்றாவது வீடு. ஹெல்மெட்டைக் கழற்றுமுன்னே பாப்பா கையை நீட்டுவாள். வாசனை சரியாக இருக்கும். அத்தை, "வந்துட்டியா, கை கழுவிட்டு வா, அழுவுது" என்பார். அவள் போகிற இடமெல்லாம் சத்தமாகப் பேசுவாள், கை ஆட்டுவாள், பால்காரர் வண்டியா என்று கேட்டால் பதில் சொல்வாள், பாப்பா அப்பா கூட, பரவால்லையே, வாய் வந்துடுச்சே உனக்கு என்று சந்தோஷப்படுவார். நான் அப்புறம் இதே ரோட்டில், இதே மூன்றாவது கியரில், எவ்வளவு நேரம். வளைவில் பெரிசாக, கறுப்பாக ஒன்று நின்றது, யானை என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் பிடித்துவிட்டேன், பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது, காலை ஊன்றினேன், கீழே விழவில்லை. பாறை. யானைகள் கடக்கும் பகுதி என்று பலகை அதன் மேலேயே சாய்ந்திருக்கிறது. என்ஜின் அணைந்துவிட்டது. எவ்வளவு அமைதி. மழைக்கோட்டின் மேல் பனி சொட்டுகிற சத்தம் கேட்கிறது. சின்ன வயசில் எங்கள் ஊரில் பையன்கள் என் பேரைப் பாதியாக வெட்டி, டேய் முனி வருது, முனி வருது என்று ஓடுவார்கள், ரோட்டோரம் வெள்ளையாக நிற்குமே அந்த முனி. அந்தப் பால்காரர் இந்நேரம் டீக்கடையில் என்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பார், வெள்ளைக் கோட்டு, முன்னாடியும் போச்சு, பின்னாடியும் வந்துச்சு, கேட்டா பேசல, தலைய மட்டும் ஆட்டுச்சு. கடைக்காரர் ஆமாம் என்பார், நானும் பார்த்தேன் என்பார். அவர்களுக்கு நான்தான் அது. முன்னால் போனவள் மனுஷி. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்து கையுறையைக் கழற்றி என்ஜினைத் தொட்டேன். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். பெட்ரோல் வாசனை, பால் வாசனை. கிக்கரை மிதித்தேன், இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு கியராக ஏற்றி நாலாவதையும் போட்டேன்.

தளி ஏரிக்கரை மைதானம் கண்ணில் படுமுன்னே காதில் விழுந்தது, ஏதோ ஸ்பீக்கர் டெஸ்டிங், பஜ்ஜி எண்ணெய் வாசனை, பனிக்குள் வண்டி வண்டியாக, பெங்களூரு நம்பர், சேலம் நம்பர், ஹெல்மெட் மாட்டின தலைகள், முகம் இல்லாமல் இவ்வளவு பேர். ஒருவர் கையைக் காட்டி ஓரமாகப் போகச் சொன்னார். எங்கள் ஆட்கள் கரையை ஒட்டிப் புல்லில் வரிசையாக நிற்கிறார்கள், ஹெப்சிபாக்காவின் ஆரஞ்சுக் கோட்டு அந்தக் கோடியில் தெரிகிறது, எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஏழாவது இடம், நான் எண்ணினேன், எண்ணிப் பார்த்தேன், ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் பனி. அங்கே ஆள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, ஒரு வெள்ளை, அது பனியாகவும் இருக்கலாம். இருபதடி இருக்கும். உள்ள போகலாமா, எல்லாரும் இருக்கீங்களா, நம்பர் சொல்லுங்கடி என்று அக்கா குரல். ஒண்ணு என்று அவரே ஆரம்பித்தார். ரெண்டு. மூணு. வண்டியை நிறுத்தக் கூட இல்லை, காலைத் தேய்த்துக்கொண்டு போகிறேன். நாலு. இப்போது சொல்லாவிட்டால் அவள் சொல்லிவிடுவாள். இரண்டாம் தரம் சொல்லிவிட்டால் அப்புறம் அது அவளுடையதுதான். அஞ்சு. தொண்டைக்குள் அந்தக் கதவு, பாப்பா பிறந்தபோது நர்ஸ் கத்தும்மா, கத்தினாத்தான் வரும் என்றார், அப்போதும் கத்தவில்லை, பல்லைக் கடித்தேன், பாப்பா தானாக வந்தாள். ஆறு என்றாள் கமலினி. அப்புறம் ஒரு இடைவெளி. ஒரு மூச்சு உள்ளே இழுக்கிற சத்தம், என்னுடையதா, முன்னால் அந்த வெள்ளைக்குள் இருந்தா, தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"உள்ளேன்!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ஸ்பீக்கர்காரன் டெஸ்டிங்கை நிறுத்திவிட்டான். யாரோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும். "எந்த ஸ்கூல்டி நீ?" என்றார் ஹெப்சிபாக்கா. "நம்பரக் கேட்டா அட்டெண்டன்ஸ் குடுக்குற. ஏழுன்னு சொல்லு." ஏழு என்றேன். என் குரல்தான் அது, கரகரவென்று, துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி, கெம்பா சொன்னதைப் போல அழகாக இல்லை. எட்டு என்று நூரக்கா சொல்லவில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் இருந்த ரோட்டையும் தனக்கு முன்னால் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏ முனி, நீ எப்படி பின்னால வர்ற? கடைசி வளைவு வரைக்கும் உன் லைட்டைத்தானடி பாத்துக்கிட்டு வந்தேன். டீக்கடையில கூட நல்லா சத்தமா சொன்னியே, பரவால்லையே, புள்ளைக்கு வாய் வந்துடுச்சேன்னு நெனச்சேன்." பிறகுதான், எட்டு என்று மெல்லச் சொன்னார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு போய் என் இடத்தில் விட்டேன். காலி இடம்தான். புல்லில் பனி அப்படியே இருந்தது, ஆனால் ஒரு சக்கரத் தடம் உள்ளே வந்திருந்தது, வெளியே போன தடம் இல்லை, ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு குத்தின சின்னக் குழி ஒன்று, விளிம்பு இன்னும் உடையாமல். கமலினியுடையதாக இருக்கலாம், முதலில் இங்கே நிறுத்திவிட்டுத் தள்ளி நிறுத்தியிருக்கலாம். வண்டியை ஒரு சாண் பின்னால் இழுத்து, அதே குழியில் என் ஸ்டாண்டைக் குத்தி, முழு எடையையும் அதன் மேல் சாய்த்தேன். சரியாக இருந்தது.

இங்கே டவர் இருக்கிறது. மூன்றாவது மணியில் அத்தை எடுத்தார், அவர் ஹலோ சொல்லுமுன்னே பாப்பா கேட்டாள், தொண்டை கிழிகிற அழுகை. "காலைல புடிச்சு இப்படித்தான்டி. அந்த நைட்டியப் போட்டேன், மோந்து பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிச்சு. மூஞ்சிலயே அடிக்குது. எப்படி அடக்குறதுன்னே தெரியல." வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் யாரும் வரவில்லை. பாப்பா யாரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. "அழட்டும் அத்தை" என்றேன். "என்னடி சொல்ற?" "அழட்டும் அத்தை. நான் வர்றவரைக்கும் யாரு வந்து தூக்கினாலும் குடுக்காதீங்க. நானே வந்து தூக்கினாலும், ஒரு தரம் என் பேரைக் கேட்டுட்டுக் குடுங்க." பைத்தியமா உனக்கு என்று அவர் கத்துவதற்குமேல் பாப்பா கத்தினாள், அந்தச் சத்தத்துக்கு மழைக்கோட்டுக்குள்ளே பால் சுரந்து சூடாக நனைந்தது. நனையட்டும், இது என் மேலேயே விழுகிறது. பின்னால் யாரோ, கமலினியாகத்தான் இருக்கும், போட்டோ எடுக்கணுமாம், இன்னொரு தரம் வரிசையா நில்லுங்க, நம்பர் சொல்லுங்க என்றாள். பனி கொஞ்சம் விலகி ஏரித் தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் போனை வைத்துவிட்டு ஓடிப் போய் நின்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று வந்தது, ஆறு என்று கமலினி வாயைத் திறந்தாள், அவள் முடிக்குமுன்னே ஏழு என்றேன். "ஏன்டி இவ்வளவு அவசரம், யாரு புடுங்கிக்கப் போறா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நூரக்கா மட்டும் சிரிக்காமல் ஒரு கையை நீட்டி என் மழைக்கோட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு, எட்டு என்றார்.